கொசஸ்தலையாற்றில் துடுப்புப் படகும் ஒரு ராத்தங்கலும்: வட சென்னையில் முடியுமா?

கேள்வி (பெரம்பூர் வாசகர்) – டிசம்பர் 27, மாலை 6.15

எல்லாரும் கயாக் ஓட்ட முட்டுக்காடு, கோவளம், பிச்சாவரம் என்று தெற்கே போகிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே கொசஸ்தலையாறு இருக்கிறது, பக்கிங்காம் கால்வாய் இருக்கிறது. ஒரு கேனோ எடுத்துக்கொண்டு எண்ணூரில் இறங்கி, பழவேற்காடு வரை துடுப்பு போட்டுப் போய், நடுவில் ஒரு ராத்திரி கூடாரம் அடித்துத் தங்க முடியுமா? நண்பர்களிடம் சொன்னால் "அது சாக்கடைடா" என்கிறார்கள். போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

எர்ணாவூர்க்காரன் – டிசம்பர் 27, இரவு 10.40

முடியும் தம்பி. போயிருக்கிறேன். ஆனால் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போய் பிடித்த கரையில் அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அது நடக்காது. இந்தத் தண்ணீரின் இரண்டு கரையிலும் ஆள் இருக்கிறார்கள், தொழில் இருக்கிறது, பல இடங்களில் வேலியும் காவலும் இருக்கின்றன. யாரைக் கேட்டுக்கொண்டு போகிறோம், எந்த ஓதத்தில் (கடல் தண்ணீர் ஏறும்போதா, வற்றும்போதா) போகிறோம், இந்த இரண்டும் சரியாக அமைந்தால் சென்னைக்குப் பக்கத்தில் இதைவிட நல்ல படகுப் பயணம் கிடையாது என்பது என் கட்சி. நாளைக் காலை ஷிப்ட். மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

டிசம்பர் 28, மாலை 5.20

முதலில் அந்தச் சாக்கடைப் பேச்சு. கும்மிடிப்பூண்டி ரயிலில் எண்ணூரைத் தாண்டியதும் பாலத்தின் மேலிருந்து பார்ப்பார்கள். குழாய்களும் புகைபோக்கிகளும் சாம்பல் படிந்த கரையும் கண்ணில் படும், அதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அதே பாலத்துக்குக் கீழே, தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து ஒரு காலைப்பொழுது இருந்து பார்க்கச் சொல்லுங்கள். மடவை மீன் துள்ளும். நீர்க்காகம் முழுகி எழும். கரையோரம் அலையாத்திச் செடிகளின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக நிமிர்ந்து நிற்கும்.

அழுக்கு இல்லை என்று சொல்லவில்லை. அனல் மின் நிலையச் சாம்பல் பல வருடம் இந்த உப்பங்கழியில் இறங்கியிருக்கிறது. சில இடத்தில் கால் வைத்தால் கறுப்புச் சேறு இருக்காது, சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒன்று முழங்கால் வரை இழுக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழி முழுக்கப் பரவியதே, அந்த வாரம் நான் கரையில் நின்றேன். கூழைக்கடா ஒன்று றெக்கையை விரிக்க முடியாமல் தடுப்புக்கல் மேல் உட்கார்ந்திருந்தது. மீனவர்கள் குவளையிலும் பக்கெட்டிலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வலையும் படகும் எல்லாம் போச்சு. அலையாத்தித் தண்டுகளில் தண்ணீர் ஏறிய மட்டம் வரை கறுப்புக் கோடு வெகுநாள் இருந்தது.

இவ்வளவுக்கும் பிறகும் அதில் மீன் இருக்கிறது, அதை நம்பிக் குடும்பங்கள் இருக்கின்றன. சாக்கடை என்று பெயர் வைத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் கொட்டலாம் என்று ஆகிவிடும். அதனால்தான் அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டிசம்பர் 28, இரவு 9.05

ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார்: இது ஆறா, கடல் தண்ணீரா? இரண்டும்தான். கொசஸ்தலையாறு மேற்கிலிருந்து சுமார் 136 கிலோமீட்டர் வருகிறது. நகரியாறும் நந்தியாறும் அதில் சேருகின்றன. 1944-இல் பூண்டியில் அணை கட்டினார்கள், சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். சென்னைக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான் புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் திரும்புகிறது. அதற்குக் கீழே தாமரைப்பாக்கம், வல்லூர் என்று இரண்டு அணைக்கட்டு. ஆகவே மழைக்காலம் போக மற்ற நாட்களில் ஆற்றுத் தண்ணீர் நம் பக்கம் வந்து சேருவதே பெரிய விஷயம். வல்லூருக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் கடல் ஓதம் உள்ளே ஏறி இறங்கும் உப்புத் தண்ணீர்.

இதில் ஒரு முக்கியமான சங்கதி இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பூண்டியில் உபரி நீர் திறக்கிறார்கள் என்று செய்தி வந்தால் படகைத் தொடாதீர்கள். மணலி புதுநகர் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், 2015-இலும் 2023-இலும் அந்த ஆறு வீட்டுக்குள் எப்படி வந்தது என்று சொல்வார்கள்.

டிசம்பர் 29, காலை 6.30

ஓதக் கணக்கு சொல்கிறேன், இதை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள்.

நம் கடற்கரையில் ஏற்றவற்றம் அதிகம் இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஒரு மீட்டருக்குக் கிட்ட வரும், அஷ்டமி நவமியில் அதில் பாதிகூட இருக்காது. ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். துறைமுகத்துக்குப் போட்ட ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு அதே நேரம் கழிக்குள்ளும் இருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. உள்ளே போகப் போக நேரம் பிந்தும், அளவும் குறையும். எவ்வளவு பிந்தும் என்பது அந்த வருடம் முகத்துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. கோடையில் மணல் சேர்ந்து வாய் குறுகிவிட்டால் உள்ளே ஓதமே மந்தமாகிவிடும்.

கோலோடு நிற்கும் பெரியவர் யாரையாவது கேளுங்கள். "இப்ப ஏத்தமா வத்தமா அண்ணே" என்று கேட்டால் தண்ணீரைத் திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்வார்.

ஏற்றத்தில் கிளம்பினால் கால்வாய்க்குள் தண்ணீரே உங்களைக் கொண்டுபோகும். வற்றத்தில் கிளம்பினால் துடுப்பு போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான், அதோடு கால்வாய் பல இடத்தில் தூர்ந்து கிடப்பதால் படகு தரை தட்டும். இறங்கித் தள்ளலாம் என்று வெறுங்காலை வைத்தால் ஆளி (ஒரு வகைச் சிப்பி) ஓடு பிளேடு மாதிரி கிழிக்கும். அடி கெட்டியான கான்வாஸ் ஷூ இல்லாமல் இறங்காதீர்கள். கிழித்துவிட்டால் கையோடு கொண்டுபோன நல்ல தண்ணீரில் கழுவுங்கள், இந்தத் தண்ணீரில் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஊசி போட்டுக்கொள்வதும் அவசியம்.

முகத்துவாரத்துக்குக் கிட்டப் போகவே கூடாது. வற்றம் வெளியே இழுக்கும்போது எதிரே கடல் அலை வந்து மோதும் இடம் அது. ஃபைபர் படகுக்காரர்களே அங்கே அலை பார்த்து, எண்ணி, அப்புறம்தான் தாண்டுவார்கள்.

டிசம்பர் 29, இரவு 8.10

"நன்றாக நீச்சல் தெரியும், லைஃப் ஜாக்கெட் வேண்டுமா" என்று கேட்ட தம்பிக்கு: வேண்டும். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். உறவுக்காரர்கள், குழந்தைகளோடு வந்தவர்கள். யார் உடம்பிலும் மிதவை இல்லை. போட்டுக்கொண்டு, எல்லா வாரையும் மாட்டிக்கொண்டு, அதற்கப்புறம் படகில் ஏறுங்கள். இதில் நான் விவாதத்துக்கு வர மாட்டேன்.

டிசம்பர் 31, மதியம் 2.45

படகு விஷயம். கயாக் என்றால் இரண்டு பக்கமும் தட்டை உள்ள துடுப்பு, கேனோ என்றால் ஒரு பக்கத் துடுப்பு. தினசரி சவாரிக்குக் கயாக் சுலபம். ராத்தங்கலுக்குச் சாமான் ஏற்ற வேண்டும் என்றால் இரண்டு பேர் உட்காரும் திறந்த கேனோ வசதி. தண்ணீர் கேன், அரிசி, அடுப்பு, படுக்கை எல்லாம் நடுவில் தாழ்வாகப் போய்விடும். பின்னால் இருப்பவர்தான் திசையைப் பிடிப்பார். ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் துடுப்பை லேசாக வெளிப்பக்கம் திருப்பித் தள்ளினால் படகு நேராகப் போகும். இது தெரியாதவர்கள் இடம் வலம் மாற்றி மாற்றிப் போட்டு, பாம்பு போகிற வழியில் போய், தோள்பட்டை விட்டுவிடும்.

காற்றுக்குத் தக்கபடி சாமானை நகர்த்த வேண்டும். எதிர்க்காற்றில் மூட்டைகளை முன்பக்கம் தள்ளினால் மூக்கு தண்ணீரில் அழுந்தி, படகு காற்றுக்கு நேராக நிற்கும். பின்காற்றில் இதற்கு நேர்மாறு, பாரம் பின்னால் இருக்க வேண்டும். காலி மூக்கோடு வாடைக்காற்றுக்கு எதிரே மாட்டிக்கொண்டால் படகு குறுக்கே திரும்பிக்கொண்டே இருக்கும், எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் பிடிக்க முடியாது.

கவிழ்ந்தால் படகை விடாதீர்கள். சாமான் போனால் போகட்டும். எந்தப் படகாக இருந்தாலும் பழகுவதற்கு முதலில் முட்டுக்காடு மாதிரி ஆள் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்துக்குப் போங்கள். நம் பக்கத்தில் தவறிப்போனால் தூக்கிவிட வருகிறவர் வலையை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும், அவருக்கு அது கூலி நஷ்டம்.

ஜனவரி 2, இரவு 11.15

காற்றைப் பற்றி எழுதிய பிறகு இரண்டு நாளாக ஒரே யோசனை. பெரம்பூர்த் தம்பி எண்ணூரிலிருந்து வடக்கே போவதாகக் கேட்டிருந்தார், எல்லாரும் அப்படித்தான் யோசிப்போம், வீட்டிலிருந்து கிளம்புவதுதானே வழக்கம். ஆனால் மார்கழி, தை என்றால் வாடை முகத்தில் அடிக்கும். ஆகவே இந்த மாதங்களில் படகை வண்டியில் ஏற்றிக்கொண்டு பொன்னேரி வழியாக வடக்கே போய், பழவேற்காட்டுக்குத் தெற்கே கால்வாயில் இறக்கி, எண்ணூர் பக்கம் வாருங்கள். வாடை முதுகில் இருக்கும். மாசி, பங்குனியில் மத்தியானக் காற்று தெற்கிலிருந்து வரத் தொடங்கியதும் எண்ணூரிலிருந்து வடக்கே போகலாம். எந்தப் பக்கம் போனாலும் விடியலில் கிளம்பிப் பத்து, பதினொரு மணிக்குள் பாதி வேலையை முடித்துவிட வேண்டும். தூரம் இருபது கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட. அதை இரண்டு காலைப்பொழுதாகப் பிரித்தால் சுகமான பயணம்.

பழவேற்காடு ஏரிக்குள் போக ஆசைப்பட வேண்டாம். அது பறவைகள் சரணாலயம், சுற்றுலாப் படகுக்கு அந்த விபத்துக்கு அப்புறம் தடை போட்டார்கள். பூநாரையைக் கரையிலிருந்தே பார்க்கலாம். படகோடு கிட்டப் போனால் கூட்டமே எழும்பிவிடும், அது மேய்கிற நேரம் வீணாகும்.

ஜனவரி 4, மாலை 7.00

"பக்கிங்காம் கால்வாயில் படகா?" என்று ஆச்சரியப்பட்டவருக்கு. அது படகுக்காகவே வெட்டின கால்வாய் ஐயா. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை முதலில் வெட்டினார்கள், காக்ரேன் கால்வாய் என்று பெயர். பிறகு பழவேற்காட்டுக்கும் அதற்கு வடக்கேயும் நீண்டது. 1877–78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டை வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர்தான் நிலைத்தது. ஆந்திரத்துப் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை உப்புத் தண்ணீர்ப் பகுதி மட்டும் 420 கிலோமீட்டர்.

என் தாத்தா ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து சென்னைக்கு விறகு வந்த படகுகளில் ஆள் வேலை பார்த்தவர். காற்று இருந்தால் பாய், காற்று செத்தால் கரையில் நடந்து கயிறு கட்டி இழுப்பு. சாயங்காலம் எங்கே இருட்டுகிறதோ அங்கே படகைக் கட்டி, கரையில் கல் கூட்டி உலை வைப்பார்களாம். அந்த நாளில் விறகுப் படகு வரவில்லை என்றால் சென்னையில் பல வீட்டில் அடுப்பு எரியாது. கயிறு இழுத்து அவருடைய வலது தோளில் ஒரு தடிப்பு இருந்தது, சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கதை கேட்பேன். இந்தக் கால்வாயில் துடுப்பு போடும்போதெல்லாம் எனக்கு இது புதுப் பொழுதுபோக்காகவே தோன்றியது கிடையாது.

ஜனவரி 5, காலை 5.50

வலைகளைப் பற்றி யாருமே கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன். கழியிலும் கால்வாயிலும் கோல் நட்டு வலை கட்டியிருப்பார்கள். அதன் மேல் படகை ஓட்டாதீர்கள், கயிற்றைப் பிடித்து இளைப்பாறாதீர்கள். எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடுவது என்பதற்குப் பாடு என்று ஒரு முறை இருக்கிறது, பழவேற்காட்டுப் பக்கம் தலைமுறை தலைமுறையாக ஊர்கூடிச் சீட்டுப்போட்டு நடக்கிறது. ஒருவருக்கு அந்தப் பாடு கிடைத்த நாளில் நீங்கள் போய்த் தண்ணீரைக் கலக்கினால் அவருக்கு அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. ஆழம் குறைந்த இடத்தில் தலை மட்டும் தெரிய ஆட்கள் இருப்பார்கள், பெரும்பாலும் இருளர் பெண்கள். கையால் இறால் பிடிக்கிறார்கள். ஒரு தடவை அப்படி ஓர் அக்காவுக்குப் பத்தடி தள்ளி படகை நிறுத்தி வெகுநேரம் பார்த்தேன், அவரிடம் கேட்டுக்கொண்டுதான். இடுப்பளவுத் தண்ணீரில் குந்தினபடியே நகர்கிறார். இரண்டு கையும் சேற்றின் மேல் அரைவட்டமாகத் தடவிக்கொண்டே வந்து ஒன்றுசேர்கின்றன. இறால் விரலில் பட்டதும் மூன்று விரலால் அமுக்கி, தூக்கி, பல்லில் கவ்வியிருக்கும் பறிக்குள் போடுகிறார். பறி ஓலையில் பின்னினது, வாய் குறுகலாக இருக்கும். அதைப் பல்லில் பிடித்துக்கொண்டே என்னிடம் பேசவும் செய்தார். "முன்னாடி ஒரு ஓதத்துக்குப் பறி ரொம்பும், இப்ப அடி தெரியுது" என்றார். அடியில் சாம்பல் படிந்த இடத்தில் இறால் நிற்பதில்லையாம்.

உங்கள் துடுப்பு அலை அவர்கள் முகத்தில் அடிக்கும். வேகத்தைக் குறைத்து, குரல் கொடுத்துத் தள்ளிப் போங்கள்.

ஜனவரி 8, இரவு 9.30

இப்போது ராத்தங்கல். இதற்குத்தான் தினமும் ஒருவர் நினைவூட்டுகிறீர்கள்.

துறைமுகம், மின் நிலையம், குழாய்ப் பாதை, இவற்றின் சுற்றுவட்டத்தில் இறங்கக்கூடாது, படம் எடுக்கவும் கூடாது. சரணாலய எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்கக்கூடாது. 2018-இல் தேனிப் பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிய பிறகு காட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு விதிகளே மாறிவிட்டன, அதில் இறந்தவர்களில் சென்னைப் பிள்ளைகளும் உண்டு. சவுக்குத் தோப்பில் அடுப்பு மூட்டுவதை நினைத்தே பார்க்காதீர்கள், கீழே உதிர்ந்து கிடக்கும் ஊசி இலை பஞ்சு மாதிரி பற்றும்.

மிச்சம் என்ன இருக்கிறது? குப்பங்கள் இருக்கின்றன. ஒரு வாரம் முன்னாடியே நேரில் போய், ஊர்ப் பெரியவர்களைப் பார்த்து, எத்தனை பேர், எந்த நாள், பெண்கள் உண்டா, எல்லாம் சொல்லிக் கேட்க வேண்டும். சாராயம், பாட்டு, பட்டாசு கிடையாது என்று நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும். நாங்கள் தங்கினது வலை பின்னும் கொட்டகைக்குப் பக்கத்து மணலில். கூடாரம் வேண்டாம், கொசுவலையே போதும் என்று அந்த வீட்டு அண்ணன் நான்கு கோல் நட்டு அவருடைய பழைய வலையையும் மேலே போட்டுக் கொடுத்தார். ராத்திரிச் சாப்பாடு அவர்கள் வீட்டிலேயே, மடவைக் குழம்பும் சோறும். காசைக் கையில் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். மறுநாள் மீனும் நண்டும் அவர்களிடமே விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தோம், பேரம் பேசாமல்.

தை முதல் பங்குனி வரை கடல் பக்க மணலில் படுக்கிறவர்கள் வெளிச்சம் போடாதீர்கள். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) முட்டையிட ஏறுகிற காலம். குஞ்சு பொரிந்து வரும்போதும் வெளிச்சத்தைப் பார்த்துக் கடலை விட்டுவிட்டுத் திரும்பிவிடும். தேவைப்பட்டால் டார்ச் மேல் சிவப்புக் காகிதத்தைக் கட்டுங்கள்.

கழிப்பிடம் பற்றி ஒரு சகோதரி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. குப்பத்தில் தங்கினால் அங்கே ஒரு வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடலாம், பெண்கள் உள்ள குழு என்றால் அதற்காகவே குப்பம்தான் சரி. கால்வாய்க் கரையில் நினைத்த இடத்தில் ஒதுங்கலாம் என்று யாராவது சொன்னால் அவர்களோடு போகாதீர்கள்.

ஜனவரி 9, காலை 7.10

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் "இவ்வளவு கட்டுப்பாடு இருந்தால் அது மனிதர் தொடாத ஆற்று அனுபவமே இல்லையே, அமெரிக்காவில் எல்லாம்..." என்று எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் 1968-இல் ஒரு சட்டமே கொண்டுவந்து, சில ஆறுகளை அணை கட்டாமல் ஓடவிட வேண்டும் என்று ஒதுக்கினார்கள். முதலில் எட்டு ஆறுகள். நல்ல காரியம், நமக்கும் வேண்டும் என்று நானும் சொல்வேன். ஆனால் நம் ஆறு அப்படி ஆளில்லாமல் இருந்த ஆறு கிடையாது. இதில் இன்று உயிர் இருக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம், கழியை மூடினாலும் கொட்டினாலும் கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நடந்தே காலம் கழித்த குப்பத்து ஜனங்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு இயற்கையை ரசிக்க எனக்கு முடியவில்லை.

ஜனவரி 9, இரவு 10.00

காலையில் சூடாக எழுதிவிட்டேன் என்று மனைவி சொல்கிறார். கருத்தில் மாற்றம் இல்லை. ஆனால் கேட்டவருக்கு ஒரு வார்த்தை: தனிமை வேண்டும் என்றால் விடியலுக்கு முன் கால்வாயின் நடுத்துண்டில் இருங்கள். உப்பளத்துப் பக்கம் மனித சத்தமே இருக்காது. நீங்கள் கேட்பது அங்கே கிடைக்கும், பகலில்தான் கிடைக்காது.

ஜனவரி 11, மாலை 6.40

பெரம்பூர்த் தம்பி பொங்கல் லீவில் போகலாமா என்கிறார். காணும் பொங்கலன்று வேண்டாம், கரை முழுக்கக் கூட்டம், போலீஸ் காவல் வேறு. தை அமாவாசையை ஒட்டிய சனி, ஞாயிறு பாருங்கள், ஏற்றம் நன்றாக இருக்கும், தரை தட்டாது. அதற்கு முந்தின வாரம் படகில்லாமல் ஒருமுறை போய் இறங்கும் இடம், ஏறும் இடம், தங்கும் இடம் மூன்றையும் காலால் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். வானிலை மையம் வங்கக்கடலில் தாழ்வுப்பகுதி என்று சொன்னால் தள்ளிப்போடுங்கள்.

ஒரு ஆளுக்கு நாளைக்கு நான்கு லிட்டர் நல்ல தண்ணீர், வழியில் எங்கேயும் குடிக்கிற தண்ணீர் கிடைக்காது. போன், மருந்து, மாற்றுத் துணி மூன்றும் தண்ணீர் புகாத ட்ரை பேக்கில். குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு சாக்கு. குப்பத்துப் பிள்ளைகள் படகில் ஏற்றச் சொல்லிக் கேட்பார்கள், அவர்களுக்கு அளவாக ஒரு சின்ன லைஃப் ஜாக்கெட் எடுத்துப் போனால் சந்தோஷப்படுவார்கள்.

முன்னோட்டம் பார்க்கப் போகிற நாளைச் சொல்லுங்கள். எனக்கு ராத்திரி ஷிப்ட்டாக இருந்தால் காலையில் நேராக அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன், அங்கிருந்து சேர்ந்து போகலாம்.